சோப்புத் துண்டும் இலக்கு விலையும்

எங்கள் அலுவலகத்தில் ஒரு பங்கை வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல ஐந்து சொற்கள் உண்டு. தாராளமாக வாங்கு, வாங்கு, சேர், வைத்திரு, விற்றுவிடு. அறிக்கை எழுதும்போது கணினித் திரையில் இந்த ஐந்தும் வரிசையாக இறங்கி வரும். ஐந்தாவது மட்டும் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அதை அழுத்தினால் எதுவும் நடக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது பழுது என்று நினைத்து, கணினிப் பிரிவுக்குப் புகார் அனுப்பினேன். பழுது சரிசெய்யப்பட்டது என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தேன். நான்காவதும் சாம்பல் நிறமாகியிருந்தது.

நான் வேதியியல் படித்தவள். பங்கு ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்கு என்ன வேலை என்று நேர்காணலிலேயே கேட்டேன். சோப்பும் பற்பசையும் விற்கும் கம்பெனிகளைப் பற்றி இந்த நிறுவனம் பல வருடங்களாக எழுதிவருகிறது, அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் இருந்தால் வாடிக்கையாளர்களுக்குக் காட்டலாம் என்றார் துறைத் தலைவர். ஆக, காட்டுவதற்காக என்னை எடுத்தார்கள். 'லேப்' என்று பெயர் வைத்தார்கள். பயிற்சிக் காலம் முடியும்போது நானாக ஒரு முழு அறிக்கை எழுத வேண்டும். அது தலைவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம்.

எனக்குக் கிடைத்தது நாட்டிலேயே பெரிய சோப்புக் கம்பெனி. சோப்பு, ஷாம்பு, பற்பசை, துணி துவைக்கும் தூள் என்று எந்த வீட்டுக் குளியலறையைத் திறந்தாலும் அதன் சரக்கு ஒன்றாவது முறைத்துப் பார்க்கும். அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

இதே கேள்வியை என் சித்தப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், அவருக்குப் பதில் தேவைப்பட்டது.

சித்தப்பா குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வுப் பணம் மொத்தமாக வங்கியில் இருந்தது. அதை அப்படியே கொடுத்து அந்தச் சோப்புக் கம்பெனியின் பங்கை வாங்கிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். சித்தியின் திட்டம் சமையலறைக் கூரை. அது சில வருடங்களாக ஒழுகிக்கொண்டிருந்தது. மழை வந்தால் சித்தி முதலில் பாத்திரத்தை நகர்த்துவாள், பிறகு அடுப்பை நகர்த்துவாள், கடைசியில் சித்தப்பாவை நகர்த்துவாள். கொத்தனார் வந்து பார்த்து, பூசி மெழுகுவதெல்லாம் உதவாது, இடித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு. அந்த ஞாயிறு சாப்பாட்டோடு வழக்கும் சேர்த்துப் பரிமாறப்பட்டது.

"கூரைல போட்ட காசு கூரையோட போச்சு," என்றார் சித்தப்பா. "பங்குல போட்டா அதுவே நாலு கூரை போட்டுக் கொடுக்கும்."

"நாலு கூரை வர்ற வரைக்கும் நான் எந்தக் கூரைக்குக் கீழ சமைக்கிறது?" என்றாள் சித்தி.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "இவகிட்ட பேசிப் பிரயோஜனம் இல்லம்மா. உங்க ஆபீஸ்ல பெரிய பெரிய மூளையெல்லாம் உக்காந்திருக்கு. அவங்க என்ன சொல்றாங்களோ அதான். நீ எனக்கு ஒத்த வார்த்தை சொல்லு, போதும்."

பார்த்துச் சொல்கிறேன் என்று கை கழுவப் போனேன். சோப்பைத் தேய்த்ததும் அதிலிருந்து ஒரு மெல்லிய துண்டு நழுவித் தண்ணீரோடு போனது. தேய்ந்துபோன பழைய சோப்பின் மிச்சம். அதைப் புதுச் சோப்பின் மேல் ஒட்டியிருக்கிறாள் சித்தி.

"போச்சா?" என்றாள் பின்னாலிருந்து. "ஒட்டவே மாட்டேங்குது. முந்தியெல்லாம் நடுவுல குழிஞ்சிருக்கும். பழசை அதுல வெச்சு அழுத்தினா ஜோடி சேர்ந்துக்கும். இப்ப பாரு, தொப்பை போட்டிருக்கு. எதை வெச்சாலும் வழுக்கிட்டுப் போயிடுது."

சோப்பைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். குழி இருந்த இடத்தில் மேடு. பக்கத்தில் கிடந்த உறையைப் பார்த்தேன். எடையும் குறைந்திருந்தது, விலை குறையவில்லை. கம்பெனியைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் தகவல் இது. மனதில் குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தலைவர் எனக்கு அறிக்கை எழுதும் முறையைக் கற்றுக்கொடுத்தார். கணினியில் ஒரு பெரிய கணக்குத் தாள். விற்பனை, செலவு, லாபம், அடுத்த பத்து வருடத்து விற்பனை, செலவு, லாபம் என்று கட்டம் கட்டமாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மஞ்சள் கட்டம். பங்கின் இலக்கு விலை. அதாவது இன்னும் ஒரு வருடத்தில் இந்தப் பங்கு என்ன விலைக்குப் போகும் என்று நாங்கள் சொல்லும் விலை.

நான் மேலிருந்து நிரப்பத் தொடங்கினேன். தலைவர் என் கையைத் தடுத்து, மஞ்சள் கட்டத்தில் அவரே ஓர் எண்ணைத் தட்டினார். மேலே உள்ள பத்து வருடங்களும் குலுங்கி, அந்த எண்ணுக்குத் தக்கபடி தங்களைத் திருத்திக்கொண்டன. மக்கள் முன்பைவிட அதிகம் பல் தேய்க்கத் தொடங்கினார்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் விடையை முதலில் எழுதிவிட்டு அளவீடுகளைப் பிறகு எழுதினால் மதிப்பெண் பூஜ்யம். இங்கே அதற்கு அனுபவம் என்று பெயர்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னைய விலையைவிட இருபது சதவீதம் மேல," என்றார். "அதுக்குக் கீழ போட்டா வாங்குன்னு சொல்ல முடியாது. ரொம்ப மேல போட்டா ஜனங்க சந்தேகப்படுவாங்க. பெரிய கம்பெனிக்கு ஒரு மரியாதை இருக்கும்மா. இருபதுதான் மரியாதை."

அடுத்த வாரம் கம்பெனியின் காலாண்டு முடிவுகள் வந்தன. விற்பனை குறைந்திருந்தது. அன்று மாலை கம்பெனியின் நிதித் தலைவர் எல்லா ஆராய்ச்சி நிறுவனங்களோடும் தொலைபேசியில் பேசினார். இதற்கு ஒரு சடங்கு உண்டு. கேள்வி கேட்பவர் யாராக இருந்தாலும், அருமையான முடிவுகளுக்கு வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். லாபம் வந்தாலும் அதுதான், ஆலை எரிந்துபோனாலும் அதுதான். எங்கள் நிறுவனத்தின் சார்பில் நான் பேச வேண்டும் என்றார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வாய் வராது. அந்த ஒரு வாக்கியத்தைக் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நிதித் தலைவர் விற்பனை குறைந்த காரணத்தை விளக்கினார். மழை அதிகம் பெய்த பகுதிகளில் மக்கள் குளிருக்குப் பயந்து குளிக்கவில்லை. மழை பெய்யாத பகுதிகளில் தண்ணீர் இல்லாமல் குளிக்கவில்லை. மழை அளவாகப் பெய்த பகுதிகளில் நன்றாகவே குளித்தார்கள், ஆனால் பழைய சோப்பை வைத்துக் குளித்துவிட்டார்கள். அடுத்த காலாண்டில் மக்கள் மறுபடி குளிப்பார்கள் என்று நிர்வாகம் முழுமையாக நம்புகிறது.

பலர் வாழ்த்தினார்கள். என் முறை வந்தது. நானும் வாழ்த்தினேன். வாழ்த்திய வேகத்தில், சோப்பின் எடையைக் குறைத்தீர்களா என்று கேட்டுவிட்டேன்.

நிதித் தலைவர், மிகச் சிறந்த கேள்வி என்று பாராட்டினார். கம்பெனி எடையைக் குறைக்கவில்லை, கையில் பிடிக்கும் அனுபவத்தை இலகுவாக்கியிருக்கிறது என்றார். அடுத்த ஆள் வந்து வாழ்த்தத் தொடங்கினார்.

அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் கரடி சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் துறையிலேயே மூத்தவர். சில வருடங்களுக்கு முன் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு 'விற்றுவிடு' என்று எழுதியதால் அந்தப் பெயர்; விலை விழும் என்று சொல்பவரைச் சந்தையில் கரடி என்பார்கள். அதற்கு முன்பு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுதிய பிறகு அந்தக் கம்பெனி எங்களைக் கூட்டங்களுக்கு அழைப்பதை நிறுத்தியது, நிறுவனம் அவரை அச்சு இயந்திரத்துக்கு நகர்த்தியது.

பிறகு அந்தப் பங்கு என்ன ஆனது என்று கேட்டேன்.

"நான் சொன்ன மாதிரியே விழுந்துச்சு," என்றார். "அதுதான் பிரச்சினை. தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பாங்க."

அறிக்கைக்கு முன்னால் குழு கூடியது. நான் தயாராகப் போயிருந்தேன். எடை குறைந்திருக்கிறது, விற்பனை குறைந்திருக்கிறது, விலையோ ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. கடைசியாகச் சித்தியின் சோப்பைப் பற்றியும் சொன்னேன். குழியை மேடாக்கியதால் பழைய துண்டு ஒட்டுவதில்லை, வீட்டில் எரிச்சலாக இருக்கிறார்கள் என்றேன். இதோடு கதை முடியும் என்று நினைத்தேன்.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். துண்டு ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். வீணாகும் என்றேன். ஒரு சோப்பில் எவ்வளவு வீணாகும் என்றார். பத்தில் ஒரு பங்கு இருக்கலாம் என்றேன். அவர் வெள்ளைப் பலகைக்குப் போய், நாட்டில் உள்ள குளியலறைகளைப் பெருக்கத் தொடங்கினார்.

"இத்தனை வருஷமா," என்றார், குரல் கொஞ்சம் தழுதழுத்தது, "ஜனங்க பழைய துண்டை ஒட்டி ஒட்டி, இந்தக் கம்பெனியோட வருமானத்துல பத்துல ஒரு பங்கைத் தேய்ச்சிக் குளிச்சிட்டிருந்திருக்காங்க. யாருமே கவனிக்கல. கம்பெனி கவனிச்சிருக்கு. இனிமே அந்தத் துண்டு சாக்கடைக்கு. ஜனங்க கைக்குப் புதுச் சோப்பு. இதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

கோபப்பட்டு வேறு சோப்புக்குப் போய்விட்டால் என்று கேட்டேன். என் குரல் மேசையின் பாதி தூரம்தான் போயிருக்கும். ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது.

"லேப், உனக்கு ஜனங்களைப் பத்தித் தெரியாது. ஒருத்தன் வேலைய மாத்துவான், வீட்ட மாத்துவான், கட்சிய மாத்துவான். சோப்ப மாத்த மாட்டான்."

இதைச் சொல்லும்போது அவர் கை ஈரமாக இருந்தது. கூட்டத்துக்கு முன் கழுவிவிட்டு வந்திருந்தார். எங்கள் கழிப்பறையில் அந்தக் கம்பெனியின் சோப்பு இருந்தது சிக்கன நடவடிக்கைக்கு முன்பு. இப்போது பெயரில்லாத கேனிலிருந்து பச்சையாக ஏதோ ஊற்றி வைக்கிறார்கள். நுரை வராது, வாசனை போகாது.

மஞ்சள் கட்டத்தில் இலக்கு விலை இன்னும் பத்து சதவீதம் ஏற்றப்பட்டது. பத்து வருடங்களும் மறுபடி குலுங்கின.

அறிக்கை பிறகு சட்டப் பிரிவுக்குப் போனது. அங்கே ஓர் அம்மாள் இருக்கிறார். நிறுவனத்தைப் பின்னால் யாரும் கேள்வி கேட்காதபடி வாக்கியங்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. 'விற்பனை வளரும்' என்று எழுதியிருந்தேன். அதை 'விற்பனை வளரக்கூடிய வாய்ப்பு இருக்கக்கூடும்' என்று திருத்தினார். 'மக்கள் தினமும் குளிக்கிறார்கள்' என்பதற்கு ஆதாரம் கேட்டார். என்னிடம் இல்லை. 'குளிப்பதாகக் கருதப்படுகிறது' என்று ஆனது.

துண்டு பற்றிய பத்தியில் பேனா நின்றது. எத்தனை வீடுகளில் பார்த்தாய் என்று கேட்டார்.

"ஒரு வீட்டுலதான், மேடம்."

"யார் வீடு?"

"என் சித்தப்பா வீடு."

அவர் முகம் இறுகியது. இப்போதாவது இந்தப் பத்தியை அடித்துவிடுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

"ஒரு வீடுன்னு போட்டா அது யார் வீடுன்னு கண்டுபிடிச்சிடலாம்மா. தனிமனித அந்தரங்கம் வெளிய வந்துடும். சட்டப்படி தப்பு. 'வீடுகள்'னு போடு."

அப்படித்தான் அது வீடுகள் ஆனது. அறிக்கையை அச்சுக்கு அடுக்கியவர் அதற்கு முன்னால் 'பல' என்று சேர்த்தார். அந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்ததாம்.

'ஒட்டாத துண்டு: வளர்ச்சியின் அடுத்த அலை' என்ற தலைப்பில் அறிக்கை வெளியானது. வாங்கு. கீழே பொடி எழுத்தில் என் பெயர். மறுநாள் என் வேலை நிரந்தரமானது. நியமன உத்தரவோடு ஒரு விதிமுறைத் தாளும் தந்தார்கள். அறிக்கைக்கு மாறான கருத்தை ஊழியர் எவரிடமும், உறவினர் உட்பட, எழுத்தாலோ வாயாலோ சைகையாலோ தெரிவித்தால் அன்றே வேலை போகும். கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை சித்தப்பா போன் செய்தார். கடையில் கொடுத்து அறிக்கையை அச்செடுத்திருக்கிறார். முழுக்கப் படித்துவிட்டார். என் பெயரைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டியாயிற்று. திங்கட்கிழமை காலையில் சந்தை திறந்ததும் பணம் மொத்தத்தையும் போடப் போகிறார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், கொத்தனாருக்கும் வேண்டாமென்று சொல்லியாயிற்று என்றார்.

கரடியைப் போனில் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்டேன்.

"என் மாமியாரும் ஒரு தடவை கேட்டாங்க," என்றார். "நான் விதிப்படி 'வைத்திரு'ன்னு சொன்னேன். பங்கை இன்னும் வெச்சிருக்காங்க. என்னத்தான் வீட்டுப் படி ஏற விடல."

அறிக்கை வேலையில் சில ஞாயிறுகள் தவறியிருந்தன. மறுநாள் போனபோது சித்தப்பா அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிக்கு வரி பேனாவால் அடிக்கோடு. சித்தி சமையலறையில் இருந்தாள். பாத்திரங்களின் சத்தத்திலேயே அவள் கருத்து தெரிந்தது.

"இதைக் கேளு," என்று சித்திக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். "பல வீடுகளில் நடத்தப்பட்ட நேரடிக் கள ஆய்வின்படி, பழைய துண்டு ஒட்டாத காரணத்தால் நுகர்வோர் புதிய சோப்பை அடிக்கடி வாங்கக்கூடும். பாத்தியா? வீடு வீடா ஏறி இறங்கியிருக்காங்க. சும்மா ஒண்ணும் எழுதல." என்னைப் பார்த்தார். "இப்ப நீயும் உன் வாயால ஒரு தடவை சொல்லிடு."

நான் வாயைத் திறந்தேன். "குறுகிய காலத்துல சில அழுத்தங்கள் இருந்தாலும், நீண்டகால நோக்குல பாத்தா, மதிப்பீடு ஓரளவு..."

சித்தி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்ன ஆச்சு இவளுக்கு? காய்ச்சலா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அறிக்கையை வாங்கி, அவர் அடிக்கோடிட்ட இடத்தில் விரலை வைத்தேன்.

"சித்தப்பா, அந்த வீடு இதுதான்."

"எது?"

"ஆய்வு பண்ணின வீடு. நம்ம குளியலறை."

"சரி. மத்த வீடெல்லாம்?"

"மத்த வீடு இல்ல."

அவர் அறிக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து குளியலறைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது சோப்புப் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

பெட்டிக்குள் இருந்தது வேறு கம்பெனியின் சோப்பு. நீலமாக, செங்கல் போலச் சதுரமாக இருந்தது. நடுவில் நல்ல குழி. அந்தக் குழியில் பழைய கம்பெனிச் சோப்பின் கடைசித் துண்டு, பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பதுபோலக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"ஒட்டலேன்னு அன்னிக்கே சொன்னேனே. மறுநாளே மாத்திட்டேன்," என்றாள் சித்தி. "இத்தனை நாளா நீங்க அதுலதான் குளிக்கிறீங்க."

சித்தப்பா சோப்பை மோந்து பார்த்தார். தன் கையையும் மோந்து பார்த்தார். இரண்டும் ஒரே வாசனையாகத்தான் இருந்திருக்க வேண்டும். பெட்டியை அறிக்கையின் மேலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தார். வளர்ச்சியின் அடுத்த அலையில் ஈரம் ஊறியது.

"சுத்தி வளைக்காம சொல்லும்மா," என்றார் கடைசியில். "வாங்கலாமா, வேண்டாமா?"

"வேண்டாம் சித்தப்பா."

ஐந்து சொற்களில் அது இல்லை. சொல்ல எளிதாகத்தான் இருந்தது.

கொத்தனார் அந்த வாரமே வந்து கூரையை இடித்தார். அதே வாரம் பங்கு ஏறத் தொடங்கியது. எங்கள் அறிக்கையைப் படித்த இன்னொரு நிறுவனம், தங்கள் ஆய்விலும் துண்டு ஒட்டவில்லை என்று எழுதி இலக்கு விலையை எங்களைவிட மேலே போட்டது. அதைப் படித்த மூன்றாவது நிறுவனம் அதைவிட மேலே போட்டது. ஒரே ஒரு குளியலறை நாடு முழுவதும் பரவியது. எங்கள் தலைவர் எனக்குக் கை கொடுத்தார். அவர் கையில் பச்சை வாசனை.

சித்தப்பா தினமும் மாலையில் போன் செய்யத் தொடங்கினார். நலம் விசாரிப்பதில்லை. அன்றைய விலையைச் சொல்லுவார், வைத்துவிடுவார். மறுநாள் அதைவிட அதிகமான விலையைச் சொல்லுவார், வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு மட்டும் குறையவில்லை. அதைச் சித்தி பார்த்துக்கொண்டாள்.

அடுத்த காலாண்டிலும் விற்பனை குறைந்தது. கம்பெனியின் நிதித் தலைவர் மறுபடி எல்லாரோடும் பேசினார். இந்த முறை மழை எல்லாப் பகுதிகளிலும் பெய்துவிட்டதாம். நான் வாழ்த்துச் சொன்னேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பங்கு இன்னும் கொஞ்சம் ஏறியது.

அன்று மாலை வீட்டுக்கு வந்துசேர்வதற்குள் நன்றாக நனைந்துவிட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சித்தப்பா விலையைச் சொன்னார். இதுவரை இல்லாத விலை. சரி என்றேன். வழக்கம்போல வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் மழை ஓங்கிப் பெய்வது கேட்டது. சித்தி எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் நகரும் சத்தம் இல்லை. அடுப்பு நகரும் சத்தம் இல்லை.

"சித்தப்பா?" என்றேன்.

"ஒழுகல," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.